ஊரார் வானம்

(ஒளிப்படக் கலைஞர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டுக்குக் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி ஒன்று கேட்கிறார்கள். "என்னுடையது 249 கிராம் ட்ரோன்தான் சார். அதற்கு எந்த அனுமதியும் வேண்டாமல்லவா?" கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்ட நிம்மதி அவர்கள் முகத்தில் இருக்கும். காரணம் இருக்கிறது. நம் நாட்டின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரையிலானது 'நானோ' வகை. அமெரிக்காவிலும் பொழுதுபோக்குக்காகப் பறக்க விடுபவர்களுக்குப் பதிவுக் கட்டாயம் 250 கிராமுக்கு மேல்தான். அதனால்தான் நிறுவனங்கள் ஒரு கிராமைக் குறைத்து 249இல் நிறுத்துகின்றன. ஆனால் அந்த எண் எல்லா நாட்டு வானத்திலும் செல்லாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 250 கிராமுக்குக் கீழ் இருந்தாலும், கேமரா இருந்தால் அதை இயக்குபவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஜப்பானில் 2022 ஜூன் 20 முதல் எல்லைக்கோடு 100 கிராம். அதற்கு முன் 200 கிராமாக இருந்தது. அந்த நாட்களில் டிஜேஐ நிறுவனம் தன் மாவிக் மினியைப் பிற நாடுகளில் 249 கிராமிலும், ஜப்பானுக்கென்று சிறிய பேட்டரி போட்டு 199 கிராமிலும் விற்றது. கோடு கீழே இறங்கியதும் அந்த 199 கிராமும் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

இன்று ஜப்பானை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசப் போகிறேன். அந்த நாட்டுக்குள் ட்ரோனைக் கொண்டுபோகத் தடை இல்லை. பறக்க விடுவதற்குத்தான் விதிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்த அடுக்குகளில் பலவற்றுக்கும் பின்னால் ஒரு நாள், ஓர் இடம், ஒரு சம்பவம் இருக்கிறது. விதியை மட்டும் படித்தால் கெடுபிடியாகத் தோன்றும். அது எதனால் வந்தது என்று தெரிந்துகொண்டால் மீற மனம் வராது. நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

2015 ஏப்ரல் 22. டோக்கியோவில் பிரதமர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடியில் நான்கு விசிறிகள் கொண்ட ட்ரோன் ஒன்று கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய அரை மீட்டர் அகலம். கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தது. அதோடு ஒரு சிறு குப்பி. குப்பியில் இருந்ததில் மிகக் குறைந்த அளவில் கதிரியக்க சீசியம். பிரதமர் ஷின்சோ அபே அன்று இந்தோனேசியாவில், ஆசிய-ஆப்பிரிக்க மாநாட்டில் இருந்தார். சில நாட்களில் ஒருவர் தாமாகவே வந்து சரணடைந்தார். அணுமின் கொள்கையை எதிர்த்து ஃபுகுஷிமா மண்ணை வைத்து அனுப்பியதாகச் சொன்னார். அவர் அதைப் பறக்க விட்ட நாள் ஏப்ரல் 9. ஏறக்குறைய இரண்டு வாரம் நாட்டின் தலைமை அலுவலகத்து மாடியிலேயே அது கிடந்திருக்கிறது. யார் கண்ணிலும் படவில்லை. காவல் முழுக்க வாசலில் இருந்தது. வந்தது தலைக்கு மேலிருந்து.

அடுத்த மாதமே இன்னொன்று. நகானோ நகரத்தில் ஸென்கோஜி என்ற பழம்பெரும் புத்தர் கோயில் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே பெருவிழா நடக்கும். 2015 மே 9 அன்று விழாக் கூட்டத்தினிடையே கோயில் வளாகத்தில் ஒரு ட்ரோன் விழுந்தது. பறக்க விட்டவன் 15 வயதுப் பையன். நல்ல வேளையாக யாருக்கும் காயம் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஹிமேஜி கோட்டையின் தலைமை மாடத்தில் ஒரு ட்ரோன் போய் மோதியது. உலகப் பாரம்பரியச் சின்னமான அந்த வெண்ணிறக் கோட்டை, பல ஆண்டுப் பழுதுபார்ப்பு முடிந்து அந்த வசந்த காலத்தில்தான் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது.

அதுவரை ஜப்பானில் ட்ரோனுக்கென்று தனிச் சட்டம் இல்லை. வான்வழிச் சட்டத்தை அந்த ஆண்டே திருத்தினார்கள். டிசம்பர் 10 அன்று திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு, நாடாளுமன்றம், பிரதமர் அலுவலகம், அரண்மனை, அணுமின் நிலையங்கள் போன்றவற்றின் மேலும் அவற்றைச் சுற்றி ஏறக்குறைய 300 மீட்டருக்குள்ளும் பறக்கத் தடை விதித்துத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். இந்தத் தனிச் சட்டத்தில் எடைக் கணக்குக் கிடையாது. 80 கிராம் பொம்மை ட்ரோனுக்கும் அது பொருந்தும். 'என்னுடையது சிறியது' என்ற நம் வழக்கமான சமாதானம் அங்கே எடுபடாது.

வான்வழிச் சட்டத்துக்கு வருவோம். அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாத இடங்கள் முதலில். தரையிலிருந்து 150 மீட்டருக்கு மேல் கூடாது. விமான நிலையங்களைச் சுற்றிக் கூடாது. மக்கள் நெருக்கமான பகுதிகளின் மேல் கூடாது. இந்தக் கடைசி விதிதான் சுற்றுலா போகிறவர்களை மாட்டிவிடுவது. எது நெருக்கமான பகுதி என்பதை நாம் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 4,000 பேர் அல்லது அதற்கு மேல் வாழும் பகுதிகள் ஒன்றையொன்று ஒட்டி அமைந்து, மொத்தம் 5,000 பேரைத் தொட்டால் அது நெருக்கப் பகுதி. அரசின் நில வரைபடத்தில் அவற்றைச் சிவப்புச் சாயத்தில் காட்டியிருக்கிறார்கள். அந்த வரைபடத்தைத் திறந்து டோக்கியோவைப் பாருங்கள். நகரத்தின் 23 வட்டாரங்களும் ஏறக்குறைய முழுவதுமே சிவப்பு. ஷிபுயா சந்திப்பை மேலிருந்து எடுக்க வேண்டும், ஒசாகாவின் விளக்கொளித் தெருவை எடுக்க வேண்டும் என்று நம்மில் பலர் கனவோடு போகிறோம். அந்தக் கனவு இடங்கள் எல்லாம் சிவப்புக்குள்தான் இருக்கின்றன.

பறக்க விடும் முறைக்கும் விதிகள் உண்டு. சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் இடையில்தான் பறக்கலாம். இது நம்மைப் போன்ற படமெடுப்பவர்களுக்குக் கசப்பான செய்தி. உதயத்துக்கு முந்தைய இருபது நிமிட நீல வெளிச்சத்துக்காகத்தான் நாம் மூன்று மணிக்கே எழுந்து மலையேறுகிறோம். அந்த வெளிச்சத்தில் அனுமதியின்றி ட்ரோனைத் தூக்கினால், அந்நாட்டு வானியல் ஆய்வகம் அறிவிக்கும் உதய நேரத்தின்படி அது இரவுப் பறப்பு. அடுத்தது, ட்ரோனை நம் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கைப்பேசித் திரையில் பார்ப்பதும் தொலைநோக்கியில் பார்ப்பதும் கணக்கில் சேராது. அதற்கடுத்தது, சம்பந்தமில்லாத ஆட்களிடமிருந்தும் பொருட்களிடமிருந்தும் 30 மீட்டர் விலகி இருக்க வேண்டும். பொருள் என்றால் வீடும் காரும் மட்டும் என்று நினைக்காதீர்கள். மின்கம்பமும் தெருவிளக்கும் பொருள்தான். ஜப்பானியக் கிராமச் சாலையில் நின்று சுற்றிப் பாருங்கள். கம்பமும் கம்பியும் இல்லாத 30 மீட்டர் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று புரியும். குடித்துவிட்டுப் பறக்க விடுவது தனிக் குற்றம். அதற்குச் சிறைத் தண்டனை வரை உண்டு.

திருவிழா, கச்சேரி போல மக்கள் கூடும் இடங்களின் மேலும் பறக்கக் கூடாது. இதற்கு ஓகாகி என்ற ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் 4. ஊர்ப் பூங்காவில் விழா. வானத்திலிருந்து குழந்தைகளுக்கு மிட்டாய் தூவ ஒரு ட்ரோனைப் பறக்க விட்டார்கள். மிட்டாய்க்காகக் கை நீட்டி, அண்ணாந்து பார்த்து நின்ற கூட்டத்தின் மேல் அது விழுந்தது. ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத்திலிருந்து. ஆறு பேருக்குக் காயம். பறக்க விட்டவர்கள் தொழில் தெரிந்தவர்கள். அவர்களுக்கு யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை, குழந்தைகளைச் சிரிக்க வைக்கத்தான் வந்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஜப்பானின் போக்குவரத்து அமைச்சகம் ஒரு கணக்கு வகுத்தது. கூட்டம் கூடும் விழாவில் 20 மீட்டருக்குக் கீழ் பறந்தால் சுற்றிலும் 30 மீட்டருக்குள் ஆள் இருக்கக் கூடாது. உயரம் கூடக் கூட இந்தத் தூரமும் கூடும். 100 மீட்டருக்கு மேல் போனால் 70 மீட்டர். விழும் பொருள் நேர் கீழே விழாது, காற்றோடு சாய்ந்து விழும். அந்தச் சாய்வுக்கு விட்ட இடம்தான் இது.

இன்னொரு விதி 2021 ஜூனில் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் தோச்சிகி மாநிலத்து அஷிகாகாவில் மலைக்காடு பற்றி எரிந்தது. ஹெலிகாப்டர்கள் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தன. நடுவே யாருடைய ட்ரோனோ வானத்தில் தெரிந்தது. ஹெலிகாப்டர் விசிறியில் அது மாட்டினால் உள்ளே இருப்பவர்களின் உயிர் போகும். வேறு வழியின்றித் தண்ணீர் கொட்டுவதை நிறுத்தினார்கள். கீழே காடு எரிந்துகொண்டிருந்தது. அதன் பிறகுதான் 'அவசரப் பணி வான்பகுதி' என்ற ஏற்பாடு வந்தது. தீயோ நிலநடுக்கமோ வந்தால் அந்தப் பகுதி வானத்தை உடனே மூடிவிடுவார்கள். பறக்க விடும் ஒவ்வொருவரும் கிளம்பும் முன் அந்த அறிவிப்பைப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். 100 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கும் விலக்கு இல்லை. 2024 புத்தாண்டு நாளில் நோட்டோ தீபகற்பம் குலுங்கியது. மறுநாளே அங்கு வானம் மூடப்பட்டது. இடிபாட்டுக்கடியில் இருப்பவரைத் தேடும் ஹெலிகாப்டருக்கு அந்த வானம் முழுவதும் வேண்டியிருந்தது.

இனி, போகிறவர்கள் செய்ய வேண்டியது. பயணச்சீட்டுப் போட்ட கையோடு தொடங்குங்கள். அமைச்சகம் 'டிப்ஸ்' என்ற இணையதளத்தை நடத்துகிறது. ஆங்கிலத்திலும் இருக்கிறது. இங்கிருந்தே கணக்குத் தொடங்கி, கடவுச்சீட்டைக் காட்டி, கட்டணம் செலுத்தி ட்ரோனைப் பதிவு செய்யலாம். பதிவு மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். எடைக் கணக்கில் பேட்டரியும் சேரும். பதிவில்லாமல் பறக்க விட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். பதிவு முடிந்ததும் 'ஜேயு' என்று தொடங்கும் எண் ஒன்று வரும். அதை ட்ரோனின் உடலில் எழுத வேண்டும். எழுத்தின் உயரம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஏறக்குறைய ஓர் எள்ளின் நீளம். முதல்முறை நான் கூர்நுனிப் பேனாவால் வெள்ளை ஒட்டுநாடாவில் எழுதி ஒட்டினேன். இரண்டாம் நாள் மலைப்பனியில் மை கலங்கிவிட்டது. அச்சிட்ட ஒட்டி வாங்கி, பேட்டரியைக் கழற்றினாலும் உடலோடு இருக்கும் பகுதியில் ஒட்டுங்கள்.

எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. ட்ரோன் பறக்கும்போது தன் பதிவு எண்ணையும் இருப்பிடத்தையும் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே பறக்க வேண்டும். 'ரிமோட் ஐடி' என்பது அதுதான். புதிய ட்ரோன்கள் பலவற்றில் அது உள்ளேயே இருக்கிறது. பழையவற்றுக்குத் தனிக் கருவி பொருத்த வேண்டும். அடுத்து, வானொலிச் சட்டம். ஜப்பானில் இயங்கும் வானொலிக் கருவிகளுக்கு 'கிதெகி' என்ற முத்திரை வேண்டும். வட்டத்துக்குள் மின்னல் கீற்றுப் போட்ட சிறு சின்னம். ட்ரோனின் உடலிலோ செயலியிலோ அது தெரிகிறதா என்று இங்கேயே பாருங்கள். நம் ஊரில் வாங்கியதும் ஜப்பானில் வாங்கியதும் ஒரே பெயர், ஒரே நிறம் என்பதால் உள்ளே இருக்கும் அலைவரிசையும் ஒன்றுதான் என்று நம்பிவிடக் கூடாது.

சிவப்புப் பகுதியிலோ இரவிலோ பறக்கத்தான் வேண்டும் என்றால் அதே 'டிப்ஸ்' தளத்தில் முன் அனுமதி கேட்கலாம். குறைந்தது 10 வேலை நாட்களுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஒரு வாரச் சுற்றுலாவில் இறங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. மாற்று பேட்டரிகளை விமானத்தின் அடிவயிற்றுக்குப் போகும் பெட்டியில் வைக்காதீர்கள். கைப்பையில் வையுங்கள். முனைகளை நாடா போட்டு மூடுங்கள். 100 வாட்-மணிக்குக் குறைந்தவற்றுக்குப் பொதுவாக விமான நிறுவனத்தின் தனி ஒப்புதல் தேவைப்படாது. சிறு ட்ரோன்களின் பேட்டரி 20 வாட்-மணிக்குள்ளேயே இருக்கும்.

திரும்பி வரும் வழியையும் யோசியுங்கள். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோனை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்குத்தான் விலக்கு. அங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று புது ட்ரோன் வாங்கி வராதீர்கள். இங்கிருந்து கொண்டுபோகும் உங்கள் சொந்த ட்ரோனுக்குப் புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கி, வாங்கிய ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. மொராக்கோவில் அனுமதி இல்லாமல் ட்ரோனைக் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே எடுத்துவைத்துக்கொள்வார்கள். எகிப்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். ஆகவே எந்த நாட்டுக்குப் போனாலும் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். உள்ளே கொண்டுபோகலாமா? அந்த வானத்தில் பறக்கலாமா? நான் நிற்கும் இந்த மண் யாருடையது? நம்மவர்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜப்பானியக் குடிமைச் சட்டத்தின் 207ஆம் பிரிவு, நிலத்தின் உரிமை சட்ட வரம்புக்கு உட்பட்டு அதன் மேலும் கீழும் பரவும் என்கிறது. வான்வழிச் சட்டம் விட்டாலும் நிலத்துக்காரர் வேண்டாம் எனலாம். கோயில்களின் வாசலில் நான்கு விசிறிப் படம் போட்டுச் சிவப்புக் கோடு இழுத்த பலகை நிற்கிறது. டோக்கியோ மாநகர அரசு தன் பூங்காக்களில் 2015லேயே தடை விதித்துவிட்டது.

ஒரு மலைக்கிராமத்துக்குப் போயிருந்தேன். வரைபடத்தில் சிவப்பு இல்லை. விமான நிலையம் பக்கத்தில் இல்லை. படிப்படியாக இறங்கும் வயல்கள், நடுவே ஒரே ஒரு வீடு. உடன் வந்த நண்பர் அந்த நாட்டில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் தமிழர். "சட்டப்படி சரிதான் அண்ணா, ஆனாலும் கேட்டுவிடலாம்" என்றார். வீட்டுக்குப் பின்புறம் ஒரு பாட்டி முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தார். நண்பர் இரண்டு முறை தலை தாழ்த்தி, ட்ரோனைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். பாட்டி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பறக்கட்டும் என்றார். "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து, ஈரக் கையை உடையில் துடைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார்.

அங்கே கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளாடைகளை முதலில் எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார். பிறகு துண்டுகள், ஒரு பழைய நீலச் சட்டை. எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "இப்போது சரி" என்றார்.

நான் வெட்கப்பட்டு நின்றேன். கேட்காமல் பறக்க விட்டிருந்தால் வான்வழி விதி எதையும் மீறியிருக்க மாட்டேன். ஆனால் ஒரு மூதாட்டியின் கொல்லைப்புறத்துக்குள் செருப்புக் காலோடு நுழைந்திருப்பேன். நம் ஊர் மொட்டை மாடியை நினைத்துப் பாருங்கள். வெயிலில் வடாம் போட்டுவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் அத்தை, தலை குளித்துவிட்டுக் கூந்தலை உலர்த்தும் பெண், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி கழுவும் அப்பா. அந்த மாடிக்கு மேல் மொழி தெரியாத ஓர் அந்நியனின் கேமரா வந்து நின்றால் நமக்கு எப்படி இருக்கும்? வாசல் வழியாக வருகிறவரை யாரென்று கேட்கலாம். மேலே நிற்பதை யாரிடம் கேட்பது?

இப்போது அந்த 3 மில்லிமீட்டர் எழுத்தை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். யாரிடம் கேட்பது என்ற கேள்விக்குத்தான் அது பதில். 'இது என்னுடையது, கேட்டால் நான் பதில் சொல்கிறேன்' என்று நாம் போடும் கையெழுத்து அது. பிரதமர் அலுவலக மாடியில் கிடந்த கறுப்பு ட்ரோனிலும், அஷிகாகா தீயின் மேல் பறந்ததிலும் இல்லாமல் போனது அந்தப் பொறுப்புதான்.

அன்று என் நடையில் ஐம்பது காலடி வைத்து, வீட்டிலிருந்தும் மின்கம்பத்திலிருந்தும் 30 மீட்டர் தாண்டியிருப்பதை உறுதி செய்துகொண்டு, வயல் ஓரத்திலிருந்து ட்ரோனைத் தூக்கினேன். ஏழு நிமிடம். இறக்கியதும் படத்தைப் பாட்டியிடம் காட்டினேன். திரையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். வயலைப் பார்க்கவில்லை. தன் வீட்டுக் கூரையைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் ஓரத்தில் ஓடு சரிந்திருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். மழைக்கு முன் சரிசெய்ய வேண்டும் என்று நண்பரிடம் சொன்னாராம். நாங்கள் கிளம்பியபோது அவர் துணிகளை மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, நீங்களும் போங்கள், பறக்க விடுங்கள், நல்ல படங்களோடு திரும்பி வாருங்கள். பறக்க விடும் முன் கீழே கொடியில் யாருடைய துணி காய்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.